எக்ஸ்-மென் படங்களை மறுபடி பார்ப்பதும் ரேங்க் போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை லீவு விட்டால் காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எக்ஸ்-மென் ஓடும். ‘மியூட்டன்ட்’ எனப்படும், பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மனிதர்களின் கதை சொல்லும் ஹாலிவுட் படத் தொடர் அது. தெருப் பசங்க, குடியாத்தத்திலிருந்து வரும் சித்தி வீட்டுப் பிள்ளைகள், கூட வேலை செய்கிறவர்கள் என்று கூட்டம் மாறும். சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அதே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் ஐந்து கேள்விகளைத் தாண்டினால் கதை முடிவுகள் வந்துவிடும். இன்னும் பார்க்காதவர்கள் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

ண்ணா, மொத்தம் எத்தினி படம் கீது?

13. 2000-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ தொடங்கி 2020-இல் வந்த ‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’ வரை. முதுகெலும்பு என்று பார்த்தால் ஏழு: எக்ஸ்-மென் (2000), எக்ஸ்-2 (2003), தி லாஸ்ட் ஸ்டாண்ட் (2006), ஃபர்ஸ்ட் கிளாஸ் (2011), டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் (2014), அபோகலிப்ஸ் (2016), டார்க் ஃபீனிக்ஸ் (2019). கையிலிருந்து நகம் நீளும் வுல்வரினுக்கு (லோகன் என்பதும் அவன்தான்) தனியாக மூன்று: ஆரிஜின்ஸ் (2009), தி வுல்வரின் (2013), லோகன் (2017). டெட்பூல் இரண்டு (2016, 2018). நியூ மியூட்டன்ட்ஸ் ஒரு ஓரமாக நிற்கிற கதை.

எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 26 மணி நேரம். ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆரிஜின்ஸ் வரும்போது காணாமல் போய்விடுகிறார்கள்.

எதுலருந்து ஸ்டார்ட் பண்றது? கதை நடக்கற வருஷப்படி பாத்தா நல்லா புரியும்னு சொல்றாங்களே?

வெளிவந்த வரிசையில் பாருங்கள். வருஷப்படி போனால் 1962-இல் நடக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் முதல் படம். அதில் இளைஞர்களாக வரும் சார்லஸ் சேவியரும் (பிறர் மனசுக்குள் புகக்கூடியவர்) எரிக்கும் (உலோகத்தை ஆட்டிவைப்பவர், பின்னாளில் மேக்னீட்டோ) பிற்காலத்தில் என்ன ஆகப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்த நட்பைப் பார்க்க மனசு கனக்கும். தெரியாமல் பார்த்தால் இரண்டு பேர் ஊர் ஊராக ஆள் சேர்க்கும் கதை, அவ்வளவுதான்.

இரண்டாவதாக டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் வரும். அதன் பாதிக் கதை 2023-இல் நடக்கிறது. அந்தக் கிழவர்கள் யார், ஏன் சேர்ந்து நிற்கிறார்கள் என்று ஒன்றும் விளங்காது. வருஷப்படி பார்ப்பது எல்லாவற்றையும் ஒருமுறை முடித்தவர்களுக்கான விளையாட்டு.

தமிழ்ல பாக்கலாமா, இங்கிலீஷ்லதான் பாக்கணுமா?

வீட்டில் பெரியவர்களோடு என்றால் தமிழ்தான். கீழே ஓடும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் மின்னல் வேகக்காரன் குவிக்சில்வர் ஓடி முடித்துவிடுவான். எல்லாப் படத்துக்கும் தமிழ் ஒலி இருக்கும் என்று நம்பி உட்காராமல், முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரேங்க் போடுவதற்காக மறுபடி பார்க்கிறீர்கள் என்றால் ஆங்கிலத்தில் பாருங்கள். காரணம் மேக்னீட்டோவாக வரும் இயான் மெக்கெல்லன். நாடக மேடையில் ஊறிய குரல். மிரட்டும்போதும் சத்தம் போட மாட்டார். நம் டப்பிங்கில் வில்லன் என்றாலே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச வைத்துவிடுகிறார்கள். மேக்னீட்டோ அப்படிப்பட்ட ஆள் இல்லை.

தம்பி, சின்னப் பசங்கள வெச்சிக்கினு பாக்கலாமா?

சித்திகளும் அத்தைகளும் கேட்பது. லோகனும் இரண்டு டெட்பூலும் பெரியவர்களுக்கு மட்டும். அதில் பேரமே கிடையாது. நியூ மியூட்டன்ட்ஸ் பேய்ப்படம் மாதிரி, ராத்திரியில் வேண்டாம். மற்றவை பத்து வயசுக்கு மேல் தாங்கும். 2000 படம் 1944 போலந்தில், நாஜி முகாம் வாசலில், அம்மாவையும் பிள்ளையையும் பிரிக்கும் காட்சியோடு தொடங்குகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மாடில ப்ரொஜெக்டர்ல போட்டா பாதி சீன் கண்ணுக்கே தெரியலியே?

அக்னி நட்சத்திர சமயத்தில் நம் ஊர் மாடியில் எட்டு மணிக்கு முன் கால் வைக்க முடியாது. எட்டுக்கு மேல் ஆரம்பித்தால் வெளிச்சப் பிரச்சினையும் தானாகத் தீரும். டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் தொடக்கச் சண்டை முழுக்க இருட்டு. தெருவிளக்கு திரையில் விழாத மாதிரி கட்டுங்கள். வைகாசி முதல் தேதி மட்டும் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று குடியாத்தத்துப் பிள்ளைகள் ஒருத்தர்கூட வரமாட்டார்கள்.

படம் முடிஞ்ச உடனே ஆஃப் பண்ணிடலாமா?

லாஸ்ட் ஸ்டாண்ட், தி வுல்வரின், டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், அபோகலிப்ஸ், இந்த நாலிலும் பெயர்கள் ஓடும்போது காத்திருங்கள். முதல் இரண்டு அடுத்த கேள்விக்கு ரொம்ப முக்கியம். 2000 படம், எக்ஸ்-2, ஃபர்ஸ்ட் கிளாஸ், டார்க் ஃபீனிக்ஸ் முடிந்ததும் தாராளமாக ஆஃப் பண்ணலாம்.

வீல்சேர் தாத்தா தூள் தூளா போய்ட்டாரே, அப்புறம் எப்டி திரும்ப வந்தாரு?

லாஸ்ட் ஸ்டாண்டில், சக்தி கட்டுமீறிப்போன மாணவி ஜீன் கிரே கையால் சேவியர் உருத்தெரியாமல் போகிறார். அந்தப் படத்தின் கடைசித் துண்டில், நினைவில்லாமல் படுத்திருக்கும் ஒரு நோயாளி சேவியர் குரலில் பேசுகிறான். அதாவது உயிர் போகும் முன் தன் மனசை இன்னொரு உடம்புக்குள் மாற்றிவிட்டார். அடுத்து தி வுல்வரின் கடைசியில், விமான நிலையத்தில், அதே பழைய முகத்தோடு சக்கர நாற்காலியில் வருகிறார். புது உடம்புக்குப் பழைய முகம் எப்படி வந்தது என்று எந்தப் படமும் சொல்வதில்லை. சேவியராக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட் திரும்பி வந்தாரே என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

1962ல பாத்துக்கினதுக்கும் மொத படத்துல சொல்றதுக்கும் ஒத்தே வரலியே?

வராது. 2000 படத்தில் பதினேழு வயசில் எரிக்கைச் சந்தித்ததாக சேவியர் சொல்கிறார். ஃபர்ஸ்ட் கிளாஸில் இருவரும் வளர்ந்த ஆண்களாக, நடுக்கடலில், முதல் முறை பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தின் முடிவிலேயே சார்லஸின் கால்கள் போய்விடுகின்றன. லாஸ்ட் ஸ்டாண்ட் தொடக்கத்திலோ, பல வருஷம் கழித்து, இருவரும் ஜோடியாக நடந்து ஜீன் வீட்டுக்குப் போகிறார்கள்.

‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் காலத்தையே மாற்றிவிட்டது, அதனால் எல்லாம் சரி’ என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. லோகன் திரும்பிப் போவது 1973-க்கு. அதற்குப் பின்னால் நடந்தவை மாறலாம். 1962 எப்படி மாறும்? புதுப் படம் எடுத்தவர்கள் பழைய வசனத்தைக் கண்டுகொள்ளவில்லை, அதுதான் நிஜம்.

நான் பிள்ளைகளுக்கு வாலாஜாவில் இருக்கும் தாத்தா வீட்டைக் காட்டிச் சொல்வேன். பழைய பத்திரத்தில் அது வட ஆற்காடு மாவட்டம். அப்புறம் வந்த காகிதங்களில் வேலூர் மாவட்டம். 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. ஒவ்வொரு காகிதமும் அதன் தேதிக்கு உண்மை. இந்தப் படங்களையும் அப்படித்தான் அந்தந்தத் தேதி போட்டுப் படிக்க வேண்டும். மூன்றையும் மேஜைமேல் பரப்பி ஒத்துப்பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

முப்பது வருஷம் ஓடுது, யாருக்கும் ஒரு முடி கூட நரைக்கலியே?

1962, 1973, 1983, 1992 என்று பத்துப் பத்து வருஷமாகத் தாவுகிறார்கள், முகங்கள் அப்படியே இருக்கின்றன. 1944-இல் பள்ளி வயசுப் பையனாக இருந்த எரிக், 1992-இல் அறுபதை நெருங்கியிருக்க வேண்டும்; மைக்கேல் ஃபாஸ்பெண்டரைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? எட்டு வருஷத்தில் அவர் இயான் மெக்கெல்லன் ஆகிவிட வேண்டுமாம். சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.

வுல்வரின் நகம் வெட்டிட்டாங்க இல்ல? அடுத்ததுல எப்டி இரும்பு நகம் வந்துச்சி?

தி வுல்வரின் படத்தில் உலோக நகங்கள் வெட்டுப்பட்டு எலும்பு நகங்கள் முளைக்கின்றன. டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்டின் 2023-இல் மறுபடி உலோகம். விளக்கம் கிடையாது. 1973 காட்சிகளில் எலும்பு நகம் இருப்பது மட்டும் சரியான கணக்கு. அப்போது அவனுக்கு இன்னும் உலோகம் ஏற்றவில்லை.

ரேங்க் எத வெச்சி போடறீங்க? சண்டையா, கதையா, கிராஃபிக்ஸா?

இந்தத் தொடரின் உயிர் வுல்வரின் நகத்தில் இல்லை. சேவியர், மேக்னீட்டோ என்ற இரண்டு நண்பர்களின் தீராத வழக்கில் இருக்கிறது. மனிதர்களோடு சேர்ந்து வாழ முடியும் என்கிறார் ஒருவர். அவர்கள் நம்மை ஒருநாள் வரிசையில் நிற்க வைப்பார்கள், நான் ஏற்கெனவே நின்று பார்த்தவன் என்கிறார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கு உயிரோடு இருக்கிற படம் மேலே போகும். அதை மறந்துவிட்டு வானத்தில் எதையாவது வெடிக்க வைக்கிற படம் கீழே இறங்கும். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

2000 படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். உலோகமே இல்லாத பிளாஸ்டிக் சிறை. நடுவில் சதுரங்கப் பலகை, காய்களும் பிளாஸ்டிக். சேவியர் சிறைக்கே வந்து எதிரில் உட்கார்ந்து ஆடுகிறார். அவர்கள் உன் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைத் தேடி வருவார்களே, அந்த நினைப்பு ராத்திரியில் உன்னை எழுப்புவதில்லையா என்று மேக்னீட்டோ கேட்கிறார். எழுப்புகிறது என்று சேவியர் ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்ட பிறகும் தன் நிலையிலிருந்து இறங்குவதில்லை. 13 படங்களுக்கும் விதை அந்த ரெண்டு நிமிஷம்தான்.

சதுரங்கம் பின்னாலும் வந்துகொண்டே இருக்கும். ஃபர்ஸ்ட் கிளாஸில் கடைசிச் சண்டைக்கு முந்தைய ராத்திரி ஆடுகிறார்கள். 1973-இல் விமானத்தில் ஆடுகிறார்கள். லாஸ்ட் ஸ்டாண்ட் முடிவில், சக்தி இழந்த மேக்னீட்டோ பூங்காவில் தனியாகப் பலகைமுன் உட்கார்ந்திருக்க, உலோகக் காய் ஒன்று லேசாக அசைகிறது. டார்க் ஃபீனிக்ஸும் பாரிஸில் ஒரு சதுரங்க அழைப்போடுதான் முடிகிறது. ஆனால் அதற்கு முன் இரண்டு மணி நேரமாக இருவருக்கும் நடுவில் வழக்கு என்று ஒன்று இருந்தால்தானே? பலகையைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது.

அப்ப உங்க லிஸ்ட்டு இன்னா?

முதலில் ஃபர்ஸ்ட் கிளாஸ். அடுத்து லோகன், எக்ஸ்-2, டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், 2000-இன் எக்ஸ்-மென். இந்த ஐந்தை யாருக்கும் கூச்சமில்லாமல் போட்டுக்காட்டலாம். ஆறாவது முதல் டெட்பூல், ஏழாவது தி வுல்வரின்: ஜப்பானில் நடக்கும் முதல் முக்கால் பாகம் அருமை, கடைசியில் ஒரு பெரிய இரும்பு பொம்மை வந்து கெடுக்கிறது. எட்டாவது டெட்பூல் 2. ஒன்பது அபோகலிப்ஸ், போலந்துக் காட்டில் எரிக் தன் குடும்பத்தை இழக்கும் இடத்துக்காக மட்டும். பத்து லாஸ்ட் ஸ்டாண்ட், அப்புறம் டார்க் ஃபீனிக்ஸ், நியூ மியூட்டன்ட்ஸ். கடைசி ஆரிஜின்ஸ்.

ஃபர்ஸ்ட் கிளாஸை உச்சியில் வைக்க ஒரு காசு காரணம். முகாமில் ஷா என்பவன் சிறுவன் எரிக்கின் முன் மேஜையில் ஒரு காசை வைத்து, நகர்த்து என்கிறான். நகராததால் கண்ணெதிரே தாயைச் சுடுகிறான். வருஷங்கள் கழித்து எரிக் அதே காசை ஷாவின் நெற்றிக்குள் மெல்ல, மிக மெல்ல, நகர்த்துகிறான். அப்போது ஷாவை அசையாமல் பிடித்து வைத்திருப்பது சார்லஸின் மனசு. காசு ஷாவின் தலைக்குள் போகிறது, தூரத்தில் சார்லஸ் அலறுகிறான். பழிவாங்கலின் வலி நண்பன் தலையில் இறங்குவதை இத்தனை தெளிவாகக் காட்டிய காட்சி இந்தத் தொடரில் இன்னொன்று இல்லை.

லோகன் ஃபர்ஸ்ட் இல்லியா? இன்னா ண்ணா நீங்க!

அதிகம் திட்டு வாங்குவது இதற்குத்தான். தனிப் படமாக எடுத்தால் லோகன்தான் மேல், ஒப்புக்கொள்கிறேன். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய படம். வாடகைக்கு லிமோசின் ஓட்டுகிற லோகன், எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறான். ஒரு நகம் பாதியில் சிக்கி வெளியே வரமாட்டேன் என்கிறது. மெக்சிகோ எல்லையில், சாய்ந்து கிடக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள், உலகத்திலேயே ஆபத்தான மூளைக்கு, வயசான சேவியருக்கு, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் வயசான அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தப் படத்தை வேற மாதிரி பார்க்கிறார்கள். எங்கள் மாடியிலேயே அப்படி ஒருவர் இடைவேளையில் எழுந்து கீழே போய்விட்டார்.

ஆனால் நாம் ரேங்க் போடுவது ஒரு தொடருக்கு. லோகன் செலவழிக்கிற கண்ணீரெல்லாம் மற்ற படங்கள் சேர்த்து வைத்தது. சேர்த்த படத்துக்கு ஓர் இடம் மேலே கொடுத்தேன். நீங்கள் மாற்றிப் போட்டால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஹியூ ஜாக்மேன விட்டா வேற யாரும் பண்ணிருக்க முடியாது, சரிதான?

வுல்வரின் வேஷத்துக்கு முதலில் தேர்வானவர் டக்ரே ஸ்காட். அவர் நடித்துக்கொண்டிருந்த ‘மிஷன்: இம்பாசிபிள் 2’ படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதால் வர முடியவில்லை, ஜாக்மேன் உள்ளே வந்தார். காமிக்ஸ் வுல்வரின் குள்ளம். ஜாக்மேன் ஆறடிக்கு மேல். அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு.

ஜீன் கதைய ரெண்டு வாட்டி எடுத்தாங்களே, ரெண்டுமே ஏன் ஊத்திக்கிச்சி?

லாஸ்ட் ஸ்டாண்ட், டார்க் ஃபீனிக்ஸ் இரண்டிலும் எழுத்தில் சைமன் கின்பெர்க் இருக்கிறார். இரண்டாவதை இயக்கியதும் அவரே. இரண்டும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. ஜீனுக்கு என்ன ஆகிறது என்று சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஜீனைப் பேச விடுவதில்லை.

லாஸ்ட் ஸ்டாண்டுக்குக் கூடுதல் பாவம் ஒன்று உண்டு. மியூட்டன்ட் தன்மையை எடுத்துவிடும் மருந்து என்ற அருமையான கரு கையில் இருந்தது. தொட்டவர் உயிரை உறிஞ்சுகிற ரோகுக்கு அந்த மருந்து வரம், வானிலையை ஆட்டிவைக்கும் ஸ்டார்முக்கு அவமானம். அதை மட்டும் வைத்தே ஒரு படம் எடுத்திருக்கலாம். அதன்மேல் ஜீன் கதையையும் ஏற்றி, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். மேக்னீட்டோ கோல்டன் கேட் பாலத்தைப் பிடுங்கி நகர்த்தும்போது பகல். அடுத்த நொடி ராத்திரி. அவசரம் கண்ணுக்கே தெரிகிறது.

இதுல அரசியல்லாம் எங்க கீது? சண்டைப் படம்தான?

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் காமிக்ஸாக 1963-இல் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது. பிறப்பால் வேறாக இருப்பவர்களை ஊர் என்ன செய்யும் என்பதுதான் கதை. முதல் படத்தின் தகராறே மியூட்டன்ட்கள் பெயரைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம்.

எக்ஸ்-2-வில் சேவியர் பள்ளி மாணவன் பாபி தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் இப்படித்தான் என்று அப்பா அம்மாவிடம் சொல்கிறான். மியூட்டன்டாக இல்லாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தாயா என்று அம்மா கேட்கிறாள். கோபமில்லை, அக்கறையோடுதான் கேட்கிறாள். தம்பி மாடிக்குப் போய் போலீசுக்கு போன் போடுகிறான். இந்தக் காட்சி ஓடும்போது மாடியில் சத்தம் அடங்கிவிடும். சத்துவாச்சாரி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போய், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு வந்த பையனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மேக்னீட்டோ பக்கம் கைதட்டல் அதிகம் விழுவதும் இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

ரெண்டாவது வாட்டி பாக்கசொல்ல ரேங்க் மாறிப்போவுது. எத எடுத்துக்கறது?

இரண்டாவதை. முதல் தடவை நம்மைத் தூக்குவது ஆச்சரியம். டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்டில் குவிக்சில்வர் சமையலறைக்குள் ஓட, தோட்டாக்கள் காற்றில் நிற்கும் காட்சி அப்படி. அபோகலிப்ஸில் அதையே இன்னும் பெரிதாகச் செய்தார்கள். மறுபடி பார்க்கும்போது கதையில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. எக்ஸ்-2-வில் மேக்னீட்டோ சிறையிலிருந்து தப்பும் இடமோ பார்க்கப் பார்க்க ஏறுகிறது. காவலாளியின் உடம்புக்குள், உருவம் மாறக்கூடிய கூட்டாளி மிஸ்டிக் இரும்பை ஏற்றி அனுப்பியிருப்பாள். வந்தவனைப் பார்த்ததும் மேக்னீட்டோ முகத்தில் வரும் அந்தச் சின்னச் சந்தோஷம் முதல் தடவை கண்ணில் படவே படாது.

எல்லாரும் சேந்து ஒரே லிஸ்ட் போடலாம்னா சண்டதான் வருது. எப்டி போடறது?

13 படத்தையும் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. இரண்டிரண்டாகக் கேளுங்கள்: இன்று ராத்திரி ஒன்றுதான் போட முடியும், இதுவா அதுவா? கை தூக்கச் சொல்லி, ஜெயித்ததை அடுத்ததோடு மோதவிடுங்கள். முழுசாகப் பார்க்காதவருக்கு அந்தப் படத்தில் ஓட்டு கிடையாது. இதைக் கறாராக வையுங்கள், ஆரிஜின்ஸைப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். டெட்பூல் இரண்டையும் தனியாக எடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். நகைச்சுவைப் படத்தை லோகனோடு எதை வைத்து ஒப்பிடுவது?

2024ல வந்த டெட்பூல் வுல்வரின் படத்த ஏன் சேக்கல?

2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கிய பிறகு மார்வெல் ஸ்டுடியோஸ் எடுத்தது அது. அதில் வரும் வுல்வரின் வேறோர் உலகத்து ஆள், லோகனில் இறந்தவன் இல்லை. பழைய ஃபாக்ஸ் படங்களுக்கு வைத்த வழியனுப்பு விழா மாதிரி கேலியும் பாசமுமாக இருக்கும். மேலே சொன்ன 13-ஐயும் முடித்துவிட்டுப் பார்த்தால் ஜோக்குகள் புரியும். ரேங்க் கேட்டால், டெட்பூல் 2-க்குப் பக்கத்தில் வைப்பேன்.